தேநீர்தோறும் ஒரு மாத்திரை

அரைகுறையாகக் கற்றவன் ஆபத்தானவன் என்பதைத் திண்டுக்கல் நகரம் என்னைக் கொண்டே அறிந்துகொண்டது. அப்பாடத்திற்கு நான் கட்டணம் ஏதும் பெறவில்லை.

தோல் பதனிடும் ஆலையொன்றில் மேற்பார்வையாளனாக இருந்தபோது, பழைய புத்தகக் கடையில் மனோதத்துவ நூலொன்று கிடைத்தது. உழைப்பாளியின் உடல்நலம் அவன் மனப்பழக்கத்தில் இருக்கிறது என்று குளிர்தேசத்து அறிஞர் ஒருவர் எழுதியிருந்தார். நாற்பது பக்கம் படித்ததுமே பிறர் மனம் எனக்குக் கண்ணாடியாகிவிட்டது. (என் மனைவி செல்வராணியின் மனம் மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.)

முதற்பலி காதர் பாய். தோல் சீவுவதில் அவருக்கு இணை இல்லை. சர்க்கரை மாத்திரையை மறப்பதிலும் இல்லை. அதனால் இருமுறை தலைசுற்றி இயந்திரத்தின்மேல் சாய்ந்தார்.

"இன்னொரு தடவ சாஞ்சா வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்றார் முதலாளி. பாய்க்கு மணமாகாத பெண்கள் மூவர். அவரைக் காக்கும் பொறுப்பை என் நூலும் நானும் ஏற்றோம். மறக்கிற காரியத்தை, மறவாத பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டுமாம்.

"பாய், நீங்க எதை மறந்தாலும் மறக்காதது என்ன?"

"டீதாண்ணே."

"அப்ப டீ குடிக்கையில மாத்திரையையும் போட்டுருங்க."

"இம்புட்டுத்தானா? இதுக்கா அம்புட்டுப் பெரிய புஸ்தகம்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். 'தேநீர் அருந்தும்போதெல்லாம் மாத்திரையை நினை' என்று பலகை எழுதி, அடியில் என் பெயரையும் பொறித்து, ஆலை வாசலில் மாட்டினேன்.

அறிஞரின் நாட்டில் காலையில் ஒரு கோப்பையோடு முடித்துக்கொள்வார்கள் போலும். நம் பாய்க்கு வேலைக்கு வருமுன் ஒன்று, வந்ததும் ஒன்று, லாரி வந்தால் ஒன்று, வராவிட்டால் அந்தக் கவலையில் ஒன்று. மருத்துவர் சொன்னதில் அவர் கடைப்பிடித்தது ஒன்றே ஒன்று: அத்தனையும் சர்க்கரை போடாத டீ.

மறுநாள் பதினொரு மணிக்குள் நான்கு டீ, நான்கு மாத்திரை. வியர்த்து, நடுங்கி, மூன்றாம் முறையாகச் சாய்ந்தார். இம்முறை என்மேல்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "எந்த டாக்டர் நாலு போடச் சொன்னாரு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பாய் கண்ணைத் திறக்காமலே என் பக்கம் விரலை நீட்டினார். "டாக்டர் இல்லம்மா. புஸ்தகம் படிச்சவரு."

அந்நேரம் முதலாளி வந்து நின்றார். பாய் எழ முயன்றார்.

"படுங்க பாய். வாசல்ல போர்டு பாத்தேன். உங்க மேல தப்பில்ல, நாளைக்கழிச்சு வேலைக்கு வாங்க" என்றவர் என்னிடம் திரும்பினார். "நீங்க போயி மொதல்ல அந்தப் போர்டைக் கழட்டுங்க."

அடியில் பெயர் பொறிக்காமல் விட்டிருந்தால் பாயின் வேலை போயிருக்கும். என் எழுத்தால் ஒருவர் அடைந்த ஒரே நன்மை அதுதான். அன்றுமுதல் பாய் மாத்திரையை மறந்ததே இல்லை. காரணம் பயம், அதைப் பற்றி அந்நூலில் ஓர் அத்தியாயமும் இல்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. தினமும் காலையில் செல்வராணி என் மாத்திரையைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"மொதல்ல அந்த டீ கிளாஸைக் கீழ வைங்க. அப்பறம் தாரேன்."