மூடியாச்சா அக்காவும் பத்து கனெக்‌ஷனும்

திறந்து கிடக்கும் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாதவர் நீலகிரியிலேயே எங்கள் ஆபீஸ் மூடியாச்சா அக்கா ஒருவர்தான். கதவோ, ஃபிளாஸ்க்கோ, பிஸ்கட் டப்பாவோ, "மூடியாச்சா?" என்று கேட்காமல் நகர மாட்டார். குன்னூர் குரங்குகள் எங்கள் ஜன்னலைத் தலைமுழுகிவிட்டு அடுத்த கட்டடத்துக்குக் குடிபோனதே அவரால்தான். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் யாருடைய கார் கதவோ திறந்திருக்க, போகிற போக்கில் சாத்தினார். உள்ளிருந்து ஒரு கால் இறங்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

எங்களுடையது சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. எமரால்டு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு, விவசாயிகளின் பச்சை இலையை எடைபோட்டுப் பதியும் செயலி செய்து கொடுத்திருந்தோம். மழை வந்தால் அது நின்றுவிடும். எடை பதியாமல் மூட்டை இறங்காது. இறங்காத மூட்டைக்குள் இலை சூடேறிக் கெட்டுப்போகும்.

"லாரிக ரோடு வரைக்கும் நிக்குதுங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேற கம்பெனி பாத்துக்கறோம்" என்றார் ஃபேக்டரி மேனேஜர், போனில்.

"மழைன்னா நெட் படுத்துதுங்க" என்று சமாளித்த எங்கள் முதலாளி, சர்வரை அணைத்து மறுபடி போட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு எடைக்கும் செயலி டேட்டாபேஸுக்குப் புதிதாக ஒரு கனெக்‌ஷன் திறக்கிறது. சிலது மூடாமல் குவிந்து, கடைசியில் டேட்டாபேஸ் யாரையுமே உள்ளே விடுவதில்லை என்பது அவர் கட்சி. இனி பத்து கனெக்‌ஷனை மட்டும் திறந்து தயாராக வைப்போம், வேண்டியபோது எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தரட்டும் என்றார். அதற்குப் பெயர் கனெக்‌ஷன் பூல்.

"எத்தனை எடை மேடை இருக்குது. பத்து எப்படிங்க பத்தும்?" என்றார் முதலாளி.

"ஒரு எடை பதிய ஒரு நொடிகூட ஆகாதுங்க. பத்து தாராளம்."

பூலைப் போட்டார். அடுத்த மழைக்குச் செயலி முன்பைவிடச் சீக்கிரமே நின்றது.

"அந்தப் பூலை எடுத்துருங்க. பழையபடியே இருக்கட்டும்" என்றார் முதலாளி.

"எடுக்க மாட்டேனுங்க. பத்தையும் எதுவோ வாங்கிட்டுத் திருப்பித் தரலை. அது எதுன்னு பாக்காம விடமாட்டேன்."

திருப்பித் தராதது எதுவென்று பூலே காட்டிக்கொடுக்கும்படி செய்துவிட்டு, "ஸ்வெட்டர் எடுத்துக்க புள்ள, எமரால்டு போறோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எடை மேடைக்குப் பக்கத்திலேயே லேப்டாப்போடு உட்கார்ந்தார். மழை கொட்டியது. செயலி நின்றது, லாரிகளும் நின்றன.

"ஏனுங்கம்மா, நாங்க ஊட்டுக்குப் போக வேண்டாமுங்களா?" என்றார் ஒரு டிரைவர்.

"நானும் போகணுமுங்க" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

கடைசியில் அகப்பட்டது. நனைந்த இலைக்கு ஈர எடையைக் கழிக்கும் பக்கம். அங்கே ஏதாவது பிழை வந்தால் செயலி பாதியில் வெளியேறிவிடும். கையிலிருந்த கனெக்‌ஷனைத் திருப்பாது. இலை நனைவது மழையில்தானே. அந்தப் பக்கத்தை எழுதியவர் முதலாளி.

பிழை வந்தாலும் வராவிட்டாலும் திருப்பித் தந்தே தீர வேண்டும் என்று அக்கா திருத்தி எழுதினார். மூட்டைகள் இறங்கத் தொடங்கின. பத்தில் பாதிகூட ஒரே நேரத்தில் தேவைப்படவில்லை. இருந்தும், கடைசி லாரி கிளம்பும்வரை அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. கண்டக்டரிடம் அடுத்த நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.