மெல்லாத களி

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து திரும்பிய சவுரியப்பன், மனைவி ஜாஸ்மின் எதிரே நின்று சபதம் போட்டார். "ஈஸ்டர் வரைக்கும் அந்தப் படத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டேன்."

அதியமான்கோட்டையில் டயர் கடை வைத்திருக்கிற மனுசன், தவக்காலத்துக்கு எதையாவது விடவேண்டும் என்றால் டீயை விட்டிருக்கலாம். விட்டதோ உயிரை! மூன்று மாசமாக டயர் பார்த்த நேரத்தைவிட பேஸ்புக்கில் அந்தப் படத்தைக் கிழித்த நேரம்தான் அதிகம்.

"புடிக்கலைன்னா வுட்டுட்டுப் போவாங்க. இத்தன நாளா ஏங்க திட்டறீங்க?"

"புடிக்காத படத்த எவன் திட்டுவான்? புடிச்சிருக்க வேண்டிய படம் ஜாஸ்மினு! இருவது வருசமா அந்த ஹீரோவுக்குக் கொடி கட்டினவன் நான். நம்ம தர்மபுரி கதைன்னாங்க. மொத நாளே போய் உக்காந்தா, ராகிக்களிய மென்னு திங்கிறான்! களிய எவனாச்சும் மெல்லுவானா? உருட்டி, கொழம்புல தொட்டு, முழுங்கணும்!"

பாவம், நிஜமாகவே மனசு நொந்திருந்தார்.

"சரிங்க. சபதம் மீறினா?"

"ஈஸ்டர் வரைக்கும் களி நான் கிண்டறேன்!"

ஜாஸ்மின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். தவக்காலத்தில் கறி கிடையாது, தினமும் களியும் கீரையும்தான். ஆறு பேருக்குக் கிண்டிக் கிண்டி அவளுக்குக் கை வீங்கியிருந்தது.

பதினேழு நாள் சவுரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பதினெட்டாம் நாள், 'அரூர் அழகன்' என்று ஒருத்தன் பேஸ்புக்கில் எழுதினான்: 'களியை மென்றால் என்ன? எங்க ஊரிலும் மென்றுதான் சாப்பிடுவோம். ஹீரோ செய்ததே சரி.'

அட பாவி! அரூர்க்காரனா இப்படிப் பேசுவது?

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார். 'தொப்பூர் புலி' என்று புதுப்பெயரில் கணக்குத் திறந்தார். மூச்சுவிடாமல் எழுதினார். அனுப்பினார். ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பெயர் வேறுதானே, சபதம் எப்படி உடையும்?

அடுப்படியில் ஜாஸ்மின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தத் தொப்பூர் புலி யாருங்க?"

"எ... எனக்கென்ன தெரியும்?"

"'என் மனைவி ஜாஸ்மின் கிண்டும் களி தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்'னு எழுதியிருக்காரே!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

"கல்யாணமாகி பதினாலு வருசத்துல என் களிய இப்பத்தான் பாராட்டியிருக்கீங்க. படிச்சதும் அரூர் அழகனுக்கு வெக்கமே வந்துருச்சு" என்றபடி களி கிண்டும் துடுப்பை அவர் கையில் கொடுத்தாள்.

"அடிப்பாவி, அது நீயா?"

"ஈஸ்டருக்கு இன்னும் நாலு வாரம் இருக்குதுங்க. தண்ணி கொதிக்குது, மாவப் போடுங்க."

போட்டார். கிண்டினார். வேர்த்து வடிந்தது. களி கட்டிகட்டியாக வந்தது. உருட்டினார், குழம்பில் தொட்டார், வாயில் போட்டார். தொண்டையில் இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல், ஜாஸ்மின் பார்த்துக்கொண்டிருக்க, சவுரியப்பன் மென்றார்.