கழிவுநீர்க் குளத்தில் விட்ட விரால்கள்

பெருமதிப்பிற்குரிய மாமா சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு, மருமகன் கார்த்திகேசன் வணங்கி எழுதுவது. நானும் சந்திரலேகாவும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் கடிதம்.

எங்கள் ரசாயன ஆலையின் சுற்றுச்சூழல் அறிக்கையை உங்கள் மருமகன்தான் எழுதினான் என்று நம் பூவம் ஊர் முழுக்கச் சொல்லிவருகிறீர்களாம். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். கழிவு விடுகிற கம்பெனி தன் குறைகளைத் தானே வெளியிட்டால் முதலீட்டாளர்கள் நம்புவார்களாம், பங்கு விலை ஏறுமாம். மேனேஜர் சிவராமன் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். "வெளியிடுவோங்க, குறைகள மட்டும் விட்டுடுவோம்" என்றார். மழைக்காலத்தில் கழிவுநீர் அப்படியே வாய்க்காலுக்குப் போவதை நான் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டு, 'எங்கள் சுத்திகரித்த நீரில் மீன்கள் துள்ளி விளையாடுகின்றன' என்று போட்டோம். அந்த வரியும் என் கைவண்ணம்தான், மாமா. விலை நிஜமாகவே ஏறியது. ஏறியதோடு நின்றிருக்கலாம். மும்பையிலிருந்து முதலீட்டாளர்கள் மீனைப் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

ஆலையின் கழிவுநீர் தேங்கும் குளத்தில் தவளைகூடக் கிடையாது. திருமலைராயன்பட்டினத்தில் உயிரோடு விரால் வாங்கி, டிரம்மில் தண்ணீர் ஊற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டேன். சேற்றிலும் பிழைக்கிற மீன், அரைநாள் தாங்காதா என்று நினைத்தேன். வந்தவர்கள் கரையில் நிற்கும்போதே ஒவ்வொன்றாகக் கரையேறி, புல்லில் நெளிந்து, அவர்கள் காலடிக்கே வந்துவிட்டன. கூட வந்த தமிழ் அம்மாள் தேவிகா, "இத யாராவது சாப்பிடுவாங்களா?" என்று கேட்டார். "நாங்க தெனம் சாப்பிடுறோம் மேடம்" என்றார் மேனேஜர். "அப்ப மதியத்துக்கு இதையே குழம்பு வைக்கச் சொல்லுங்க. நாங்களும் சாப்பிடுறோம்." மேனேஜர் என்னைக் காட்டி, "மொதல்ல கார்த்திகேசன் சாப்பிடுவாருங்க, அறிக்கை எழுதுனவரு" என்றார்.

இலை போட்டார்கள். மீன் துண்டை வாய்வரை கொண்டுபோனேன். அந்த அம்மாளும் எடுத்தார். "சாப்பிடாதீங்கம்மா" என்று அவர் கையைப் பிடித்துவிட்டு, எல்லா உண்மையையும் சொல்லிவிட்டேன். நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாய்க்கால் தண்ணீரில் நின்று நடவு நடுகிறவர்களுக்குக் கால் வெந்துபோவது எனக்கு முன்பே தெரியும். அப்போது வராத உண்மை, என் இலைக்கு மீன் வந்த பிறகுதான் வந்தது. இதை நினைத்தால் சந்திரலேகாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராஜினாமா கொடுத்துவிட்டேன். இனி அந்த ஆலை வாசலை மிதிக்க மாட்டேன். வேலையில்லாத மருமகன் என்று உங்களுக்குத் தலைகுனிவுதான். ஆனாலும் ஒருவாய்ச் சோறு நிம்மதியாக இறங்கும். அத்தைக்கு என் வணக்கம். இருவரும் என்னை மன்னித்து ஆசீர்வதியுங்கள்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழிக்க மனம் வரவில்லை. தபாலில் போடப் புறப்பட்டபோது மேனேஜரே வீட்டுக்கு வந்தார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற கம்பெனியைப் பார்த்ததே இல்லை என்று மும்பையிலிருந்து மெச்சி எழுதியிருக்கிறார்களாம். பங்கு மறுபடி ஏறியிருக்கிறதாம். "அடுத்த அறிக்கைல எல்லாக் குறையையும் நீங்களே வெலாவாரியா எழுதுங்க" என்றார். "எப்ப சார் சரிபண்ணுவோம்?" என்று கேட்டேன். "சரிபண்ணிட்டா அப்புறம் எதங்க எழுதுறது?" என்றார். பதவி உயர்வும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மாமா. "சரிங்க சார்" என்று வந்துவிட்டது.