மருங்காபுரிக் கிழங்கு

“இது எந்த ஊர்க் கிழங்கு?” என்று மாமனார் கேட்டபோது நவநீதன் மூன்றாவது பூரியை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். பூரி உப்பியிருந்தது. அவன் முகம்தான் சப்பென்று ஆகிவிட்டது.

கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. காந்தி மார்க்கெட்டில் நாற்பது வருஷம் உருளைக்கிழங்கு மண்டி நடத்திய பிச்சை. கண்ணை மூடிக்கொண்டு கிழங்கைத் தடவி ஊட்டியா, கோலாரா, ஆக்ராவா என்று சொல்லிவிடுவார். பாலக்கரை வீட்டில் வெள்ளையடிப்பு நடப்பதால், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மகள் பிரேமலதா வீட்டுக்கு ஒரு வாரம் தங்க வந்திருந்தார்.

தட்டில் இருந்த மசாலாவோ பாக்கெட்டில் வந்தது. பிரேமலதா நர்ஸ். அவளுடைய ஷிஃப்டுக்கு ஏற்றபடி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாரச் சாப்பாட்டைச் சமைத்து ஃப்ரீசரில் டப்பா டப்பாவாக அடுக்குவது நவநீதனின் வேலை. வேகவைத்த கிழங்கை உறையவைத்து மறுபடி சூடு பண்ணினால் தண்ணீர் விட்டுச் சொதசொதத்துப் போகிறது என்று, தில்லைநகர் சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் உருளைக்கிழங்குப் பொடிக்கு மாறியிருந்தான். வெந்நீரில் கொட்டிக் கிளறினால் மசியல் தயார். வெங்காயம் வதக்கிச் சேர்த்தால் பூரி மசாலா, தட்டிப் பொரித்தால் கட்லெட். அப்பாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்று பிரேமலதா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

உண்மையைச் சொல்லியிருப்பான். ஆனால் பிச்சை அடுத்த வாய் வைத்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கு மாப்ள,” என்றார்.

கல்யாணமாகி ஏழு வருஷம். மகள் தானாகத் தேடிக்கொண்ட கணவன் என்பதால், அவர் வாயிலிருந்து ஒருநாளும் ‘மாப்ள’ வந்ததில்லை. ‘இந்தாங்க’, ‘அவரு’ என்றே காலம் ஓடிவிட்டது. ஒரு கரண்டி மசாலாவில் கிடைத்த உறவை ஒரு பாக்கெட்டைக் காட்டி இழக்க நவநீதனுக்கு மனம் வரவில்லை.

“ஊட்டிக் கிழங்கு மாமா,” என்றான்.

ஊட்டி இல்லை என்றார் பிச்சை. கோலாரும் இல்லை. ஒரு கட்டி இல்லை, ஒரு நார் இல்லை, தோலின் பொட்டு ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு கிழங்கைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றவர், எந்தக் கடை என்று கேட்டார். எந்தக் கடையைச் சொன்னாலும் கடைக்காரர் இவருக்குத் தெரிந்தவராக இருப்பார். எனவே நவநீதன், தன் ஆபீஸ் நண்பன் ரஞ்சித்தின் வயலில் நேரடியாக வாங்குவதாகச் சொன்னான். ரஞ்சித்துக்கு மருங்காபுரி.

“மருங்காபுரியிலயா? அந்த வெயில்ல கிழங்கு வெந்துல்ல போகும்?”

“புது ரகம் மாமா.”

பிரேமலதா தலையில் அடித்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

பிச்சை ரஞ்சித்தின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நவநீதன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ரஞ்சித்துக்குப் போன் போட்டு, இனி நீ உருளைக்கிழங்கு விவசாயி என்று தெரிவித்தான். ரஞ்சித்துக்குப் பொய் சொல்ல வராது. அவன் நிலத்தில் இருந்தது மானாவாரிக் கடலை மட்டும்தான்.

அன்று முதல் மூன்று வேளையும் பிச்சை அந்தக் கிழங்கையே கேட்டார். வியாழக்கிழமை டப்பாக்கள் தீர்ந்துவிட்டன. நவநீதன் அவசரமாகப் புதுப் பாக்கெட்டைப் பிரித்த நேரத்தில் பிச்சை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். அவன் பதறிப்போய் ஒரு கிலோ பொடியையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தான். கரைந்து ஓடிவிடும் என்று நினைத்தான். ஓடவில்லை. உப்பியது. தொட்டியின் விளிம்பைத் தாண்டி மசியல் மெதுவாக எழுந்து வந்தது.

பிச்சை அதைச் சிறிது நேரம் நின்று பார்த்தார். “நல்லா மசியுது மாப்ள,” என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த வயலைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

அடைப்பை எடுக்க வந்த பிளம்பர் ஒரு வாளி மசியலை அள்ளினார். அவர் போனதும் நவநீதன் மறுபடி குளியலறைக்குள் போனான். கொஞ்சம் கிழங்கு வாங்கிக் கடலைச் செடிக்கு அடியில் புதைத்து வைக்கும்படி ரஞ்சித்திடம் கெஞ்சினான். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான் ரஞ்சித்.

ஞாயிறு காலை பஸ் ஏறினார்கள். பிச்சை மணப்பாறையில் முறுக்கு வாங்கி, வழியெல்லாம் உற்சாகமாகக் கடித்துக்கொண்டு வந்தார். நவநீதன் தனக்குக் கொடுத்த முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். இன்று மாலைக்குள் தான் மறுபடியும் ‘அவரு’ ஆகிவிடுவோம் என்று பயந்தான்.

வயலில் ரஞ்சித் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் அம்மா பவுனம்மாள் மண்வெட்டியை நீட்டினாள். பிச்சை ஒரு கடலைச் செடியைப் பிடுங்கினார். வேரில் கடலை. கீழே, கழுவித் துடைத்தது போல நாலு உருளைக்கிழங்கு.

“ஊடுபயிர் மாமா,” என்றான் நவநீதன்.

அடுத்த செடிக்குக் கீழேயும் சரியாக நாலு. அதற்கடுத்ததிலும் நாலு. ஒன்றில் சாக்குச் சணல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிச்சை அதை நிதானமாக எடுத்துப் போட்டுவிட்டு, கிழங்கைத் தடவினார், முகர்ந்தார், கண்ணை மூடினார்.

“இதேதான் மாப்ள,” என்றார்.

நவநீதனுக்குக் கண் கலங்கிவிட்டது. காந்தி மார்க்கெட்டின் பெரிய மூக்கையே ஏமாற்றியாயிற்று என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது. பிச்சை கை கழுவ ரஞ்சித்தோடு பம்ப்செட் பக்கம் போனதும், பவுனம்மாளிடம் ஓடினான். அவர் கண்டுபிடிக்காதபடி இவ்வளவு அருமையான கிழங்கை எங்கே தேடிப் பிடித்தீர்கள், இந்த உதவியை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

பவுனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாங்க எங்க தம்பி தேடினோம், ‘பொடின்னு சொல்ல எங்க மாப்ளைக்குக் கூச்சமா இருக்கு, புதைக்கிறதுதான் புதைக்கிறீங்க, நல்ல கிழங்கா புதைங்க’ன்னு முந்தாநாளே போன் பண்ணிச் சொல்லி, உங்க மாமனாருதான் மூட்டையை பஸ்ல ஏத்தி அனுப்பிவிட்டாரு.”