தேவை எழாத ஆம்புலன்ஸ்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சக்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. தலைசிறந்தது சட்டமன்றத்தின் கேள்வி நேரம். சக்கரத்தை யாராவது தள்ள வேண்டும். அவையில் கேட்கப்பட்ட கேள்வியோ தானாகவே மேலிருந்து கீழே உருண்டு வரும். அடிவாரத்தில் பதிலைப் பொறுக்கிக்கொண்டு தானாகவே மேடேறும். மேடேறும் சக்கரத்தை உலகில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்த அதிசயத்தை மிக அருகில் இருந்து பார்க்கும் பேறு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியருக்குக் கிடைத்தது.

அவருடைய நிலையத்தின் வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. மூன்று வருடமாக நின்றது. வந்த நாளில் நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஓட்டிவந்தவர் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், அதை மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைத்தார். வண்டி வாங்குவது ஒரு பிரிவு. அதற்கு ஓட்டுநரை நியமிப்பது இன்னொரு பிரிவு. இரண்டும் அந்த அலுவலகத்தின் ஒரே மாடியில் எதிரெதிர் அறைகள்தாம். ஆனால் முதல் பிரிவு தன் கடமையை முடித்துவிட்டது. இரண்டாம் பிரிவுக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. நிலையத்தின் காவலாளிக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் சாவியை நியமிக்கப்பட்ட ஓட்டுநரிடம் மட்டுமே தரலாம் என்பது விதி. அப்படி ஒருவர் இல்லாததால் சாவி மிகவும் பத்திரமாக இருந்தது.

செவிலியருக்கோ அவசரம். அவருடைய தங்கை நிறைமாதமாக, நிலைய வளாகத்திலேயே உள்ள அவர் வீட்டில் இருந்தாள். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் மயிரிழையில் பிழைத்தவள். இரண்டாவதைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முன்கூட்டியே சேர்க்கப் படுக்கை இல்லை, வலி வந்ததும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வலி பஸ் நேரம் பார்த்து வருவதில்லை என்பது செவிலியரின் இருபது வருட அனுபவம்.

ஆகவே அவர் தொகுதி உறுப்பினரைப் போய்ப் பார்த்தார். உறுப்பினர் மனுவை வாங்கிப் படித்து மனம் உருகினார். அமைச்சரையே கேட்டுவிடுகிறேன் என்றார். சொன்னபடி கேட்கவும் செய்தார். கேள்வி எண் 217: அந்த நிலையத்தில் ஆம்புலன்ஸ் உள்ளதா, அது எத்தனை முறை இயக்கப்பட்டது, விவரம் என்ன?

இங்கேதான் இயந்திரத்தின் அழகைக் கவனிக்க வேண்டும். அமைச்சருக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் அமைச்சராக இருக்க மாட்டார், காவலாளியாக இருப்பார். எனவே அவர் கேள்வியைச் செயலருக்கு அனுப்பினார். செயலர் இயக்குநருக்கு, இயக்குநர் மண்டலத்துக்கு, மண்டலம் மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டார மருத்துவ அலுவலருக்கு. ஒவ்வொருவரும் மேலே 'மிக அவசரம்' என்று எழுதினார்கள். மனு கொடுத்த பதினோராம் நாள், முற்பகல் பதினொன்றரைக்கு, வட்டார மருத்துவ அலுவலர் செவிலியருக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், உங்க ஆம்புலன்ஸ் பத்தி யாரோ ஒரு வேலை இல்லாத ஆளு சட்டமன்றத்துல கேள்வி கிளப்பி விட்டிருக்கான். மூணு மணிக்குள்ள பதில் வேணும்."

"அந்த வேலை இல்லாத ஆளு நான்தான் சார்."

மறுமுனையில் அலுவலர் நிம்மதியாக மூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு. அப்ப உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். மூணு மணி, மறந்துடாதீங்க."

தன் கேள்விக்குத் தானே பதில் எழுதும் வாய்ப்பு எத்தனை குடிமக்களுக்குக் கிடைக்கும்? செவிலியர் பதினைந்து நிமிடத்தில் எழுதி முடித்தார். 'ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஓட்டுநர் இல்லை. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட ஓடவில்லை. உடனே ஓட்டுநர் வேண்டும்.'

பதில் மேடேறத் தொடங்கியது.

வட்டார அலுவலர் கடைசி வாக்கியத்தை எடுத்தார். அது கோரிக்கை, பதில் அல்ல. மாவட்ட அலுவலருக்கு 'ஓட்டுநர் இல்லை' உறுத்தியது. ஏன் இல்லை என்று துணைக் கேள்வி வரும். வந்தால் அது ஓட்டுநரை நியமிக்கும் எதிர் அறைக்குப் போகும். எதிர் அறையோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதையும் எடுத்தார். மிச்சம் இருந்தது, வண்டி இருக்கிறது, ஒருமுறைகூட ஓடவில்லை என்பது. மண்டல அலுவலர் மென்மையானவர். 'ஓடவில்லை' என்பதை 'இயக்க வேண்டிய தேவை எழவில்லை' என்று மாற்றினார். இயக்குநர் சிந்தனையாளர். மூன்று வருடமாக ஒரு வட்டாரத்தில் ஆம்புலன்ஸுக்குத் தேவையே எழவில்லை என்றால் அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? துறையின் நோய்த்தடுப்புத் திட்டங்களே காரணம் என்று கண்டுபிடித்து எழுதினார். செயலர் ஒரு பாராட்டு வரி சேர்த்தார்.

எவரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கல் எடுத்து வைத்தார்கள். கோபுரம் தானாக எழுந்தது.

அமைச்சர் அவையில் பதிலை வாசித்தபோது மேசைகள் அதிர்ந்தன. செவிலியரும் தங்கையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொகுதி உறுப்பினர் எழுந்து, தன் மக்களை நோயில்லாமல் வைத்திருப்பதற்காக அமைச்சருக்கு நன்றி சொன்னார். உடனே தொலைதூரத் தொகுதியின் உறுப்பினர் ஒருவர் எழுந்து, தன் மக்கள் அடிக்கடி நோயில் விழுகிறவர்கள் என்றும், தேவையில்லாத இடத்தில் நிற்கும் வண்டியைத் தங்களுக்குத் தர முடியுமா என்றும் துணைக் கேள்வி கேட்டார். அமைச்சர் தாராள மனத்தோடு, "உடனே ஆவன செய்யப்படும்" என்றார்.

செவிலியர் பதறிப்போய்த் தொகுதி உறுப்பினருக்குப் போன் செய்தார். உறுப்பினர் நொந்துகொண்டார். "கேக்கறது என் வேலை சிஸ்டர், கேட்டேன். நீங்க எழுதிக் குடுத்த பதில்தானே வந்திருக்கு? இதுக்கு மேல நான் யாரைக் கேக்கறது?"

அமைச்சர் பதில் சொன்ன ஐந்தாம் நாள் காலை, பஸ் போய் ஒரு மணி நேரம் கழித்து, தங்கைக்கு வலி எடுத்தது. செவிலியர் நிலைய வாசலுக்கு ஓடினார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒருவர் புது பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தார். கையில் சாவி இருந்தது. செவிலியருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வந்துட்டீங்களா அண்ணா, வண்டியைத் திருப்புங்க, தங்கச்சிக்கு வலி வந்துடுச்சு."

ஓட்டுநர் சங்கடத்தோடு ஓர் உத்தரவை நீட்டினார். வண்டியை எடுத்துப் போகத்தான் வந்திருந்தார். புதிய இடத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் நோயாளியை ஏற்ற முடியாது.

"ஏத்தினா பதிவேட்டுல எழுதணும் சிஸ்டர். எழுதினா தேவை எழுந்ததா ஆயிடும். அமைச்சர் எழலேன்னு அவையில சொல்லியிருக்காரு. அவரைப் பொய்யனாக்கின ஆளு நானா இருக்கணுமா?"

"வேற என்னதான் ஏத்தலாம்?"

"வண்டியோட சேர்ந்த உதிரிப் பொருள்."

"அப்ப அதுன்னே எழுதுங்க." செவிலியர் உள்ளே ஓடிப்போய் உதிரிப் பொருளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து படுக்கவைத்தார். கூடவே மருந்துப் பெட்டியோடு ஏறிக்கொண்டார். மூன்று வருடம் நின்ற வண்டி இருமி இருமிக் கிளம்பியது.

முப்பத்தாறாம் கிலோமீட்டரில் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. செவிலியர் ஊசி போட்டு, வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். ஓட்டுநர் மிச்ச ஆறு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடந்தார். தாயும் சேயும் பிழைத்தார்கள். ஓட்டுநர் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். நாணயமான மனிதர், எண்ணிக்கையில் பொய் எழுதிப் பழக்கமில்லை. 'ஏற்றியது: உதிரிப் பொருள், ஒன்று. இறக்கியது: உதிரிப் பொருள், இரண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நம் துறைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிவேடு பார்ப்பவை. பத்தே நாளில் செவிலியருக்கு ஒரு மெமோ வந்தது. ஏற்றியதற்கும் இறக்கியதற்கும் வேறுபாடு காணப்படுவதாகவும், கூடுதலாக உள்ள உதிரிப் பொருள் துறைக்கே சொந்தம் என்பதால் அதை ஏழு நாட்களுக்குள் மாவட்ட அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

செவிலியர் அதை உரக்கப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா கவலைப்படறே? அவங்களையே வந்து எடுத்துக்கச் சொல்லி எழுதிப் போடு. எடுத்துக்கிட்டுப் போறதுன்னா மட்டும் அஞ்சே நாள்ல டிரைவர் வந்துடறாரே."