இன்னும் கொஞ்சம் மேலே

“தம்பி, எனக்கு நாலு கை தெரியுது. நாலும் தூங்குது.”

கண்களை முழுசாக மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பஸ் ஓட்டுநர் அக்கா இப்படிச் சொன்னதும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு வியர்த்தது.

அக்காவின் வலது தோள் முறிந்து எட்டு மாதம். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. கை மார்புக்கு மேல் ஏற மறுத்தது. பதினொரு மணிக்கு டாக்டர் வருவார். கை தலைக்கு மேல் உயர்ந்தால் மறுபடி ஸ்டியரிங். இல்லையென்றால் டிப்போவில் மேஜை வேலை.

அதற்குத்தான் இந்தப் புது விளையாட்டு. எதிரே இரண்டு கேமராக்கள் கையைக் கவனிக்கும். நிஜக் கையைத் தூக்கினால், ஹெட்செட்டுக்குள் தெரியும் கை மரத்தில் ஆப்பிள் பறிக்கும்.

“சுவர்க் கண்ணாடிதான்க்கா வில்லன். அதுல தெரியற உங்களையும் கேமரா இன்னொரு ஆளுன்னு நினைச்சிடுச்சு. ஹெட்செட்டைக் கொடுங்க, நானே போட்டுப் பார்த்துச் சரி பண்றேன்.”

கண்ணாடிமேல் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டான். மின்விசிறிக் காற்றில் விரிப்பு படபடத்தது.

“ஐயையோ! விரிப்பு இருபது ஆப்பிள் பறிச்சிடுச்சுக்கா!”

“கெட்டிக்கார விரிப்பு. அதுக்கே சர்டிபிகேட் கொடுத்துடுங்க.”

விசிறியை நிறுத்தினான். வியர்வையில் ஹெட்செட்டுக்குள் ஆவி படிந்தது. ஜன்னலைத் திறந்தான். வெயில் கேமராவின் கண்ணைக் கூசவைக்க, ஆப்பிள் மரம் தலைகீழாக நின்றது. வெளிக்காற்றில் விரிப்பு நழுவியது. அதைப் பிடிக்கப் பாய்ந்தவன் காலில் ஒயர் சிக்கி, ஒரு கேமராவின் ஸ்டாண்டு இரண்டாக முறிந்தது.

மணி பத்து ஐம்பத்தைந்து.

“கடவுளே, எனக்குத் திட்டு விழுந்தாலும் பரவாயில்ல. இந்த அக்கா பஸ் ஓட்டணும்” என்று முணுமுணுத்தான்.

அக்கா காதில் அது விழுந்துவிட்டது. ஓடிவரும் பயணியைக் கண்டு ஒருநாளும் பஸ்ஸை நிறுத்தாமல் போனவர் அல்ல அவர். எழுந்துபோய் ஒரு கையால் விரிப்பைச் சுவரோடு அழுத்தினார். இன்னொரு கையில் ஸ்டாண்டு முறிந்த கேமராவை எடுத்துக்கொண்டார்.

“நீ மாட்டிக்கிட்டுப் பாரு தம்பி. இவ்வளவு உயரம் போதுமா?”

“இன்னும் கொஞ்சம் மேலே... இன்னும்... ஆங், அப்படியே! அசையாதீங்க!”

“அசையல. நீ வேலையைப் பாரு.”

“வந்துடுச்சு! ரெண்டே கை!” ஹெட்செட்டோடு அவன் குதித்துக் குதித்து ஆப்பிள் பறிக்க, அக்காவும் எல்லாம் மறந்து சிரித்தார்.

கதவு திறந்தது. டாக்டரும், பின்னால் துடைப்பத்தோடு துப்புரவுப் பணியாளர் அம்மாவும் உள்ளே வந்தார்கள்.

“என்னப்பா கூத்து இது?”

அவன் ஹெட்செட்டைக் கழற்றாமல், ஆப்பிள் மரத்தைப் பார்த்தபடியே சொன்னான். “மன்னிச்சுக்குங்க டாக்டர். மெஷின் இப்பத்தான் ரெடியாச்சு. அக்காவோட வலது கையை இன்னும் ஒரு அங்குலம்கூடத் தூக்க வைக்க முடியல...”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்:

“அப்ப அவங்க தலைக்கு மேல கேமராவைப் பிடிச்சிருக்கிறது எந்தக் கை சார்?”