நாலாவது ஆள்

"அந்த நாலாவது ஆள் சொந்தப் பேரைப் போட்டு எழுதுற வரைக்கும் இந்த ஊர்ல நான் அடுப்பு மூட்ட மாட்டேன்!"

கல்யாணச் சமையல் பண்டாரி ஜாஃபர் சாதிக் பள்ளிவாசல் படியில் நின்று இப்படி முழங்கியபோது, பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடை யூனுஸ் இடது காலில் வலது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் ரிஃப்காவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். ஜாஃபர் சாதிக் கைப்பட்ட பிரியாணி இல்லாமலும் அந்தக் கடைமடை ஊரில் நிக்காஹ் செல்லும்தான். ஆனால் நடந்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

துபாயில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் இணையத்தில் ஊருக்கென்று ஒரு தளம் நடத்திவந்தார்கள். மவுத்து செய்தி, மழைச் செய்தி, வாய்க்காலில் தண்ணீர் வந்த செய்தி எல்லாம் அதில் வரும். எல்லாவற்றையும்விட ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தது, ஊர்க் கல்யாண விருந்துகளைப் பற்றி 'நாலாவது ஆள்' எழுதியதைத்தான். ஒரே சஹனைச் சுற்றி, அந்த அகலமான தட்டில் நாலு பேர் கைபோட்டுச் சாப்பிடுகிற ஊர் அது. அதனால் அந்தப் பெயர்.

அந்த ஆள் நம்ம யூனுஸ்தான். ஷார்ஜாவில் ஆபீஸ் வேலை பார்த்தபோது டைப்பிங் பழகியவர். பேரைப் போட்டு எழுதலாமே என்றால், அதற்கு அவரிடம் தயாராக ஒரு நியாயம் இருந்தது. பேர் தெரிந்தால் கறியைக் குவித்து வாயை அடைத்துவிடுவார்கள்; அப்புறம் உண்மையை எங்கே எழுதுவது?

ஊரிலும் அவருக்கு மவுசு குறையவில்லை. எந்தப் பந்தலுக்குள் நுழைந்தாலும், பந்தல்காரர் பக்கிரி துண்டைப் போட்டு இடம்பிடித்து வைத்திருப்பார். "பாய், இங்க வாங்க!" எல்லாம் தன் நல்ல குணத்துக்குக் கிடைத்தது என்று யூனுஸ் பூரித்துப்போவார். ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. 'கறி தாராளம்' என்று அவர் எழுதினால் போதும், 'எங்க சஹன்ல வெறும் எலும்புதான் கிடந்துச்சு' என்று கீழே எவனாவது எழுதிவிடுவான். நாக்கு செத்த ஜனம் என்று விட்டுவிடுவார்.

போன வாரம் 'தால்ச்சாவில் புளி தூக்கல்' என்று எழுதியதுதான் வினையாகிப்போனது.

வீட்டில் மனைவி கமருன்னிஸா கொதித்துக்கொண்டிருந்தாள். "எவனோ ஒரு சாப்பாட்டுராமன் எழுதுனதுக்கு என் புள்ள கல்யாணம் நிக்கணுமா? அவன் கை விளங்காமப் போக!"

"அப்படியெல்லாம் சொல்லாத கமரு," என்றார் யூனுஸ், இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு.

அன்றைக்கே கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். 'புளி தூக்கல் அல்ல, என் நாக்குதான் கோணல். ஜாஃபர் சாதிக்கின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்' என்று நாலாவது ஆள் எழுதினார்.

மறுநாள் ஜாஃபர் சாதிக் டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தார். "திட்டுனவன் திடீர்னு குழையுறான்னா, அவன் வீட்டுல விசேஷம் வருதுன்னு அர்த்தம். இந்த மாசம் யார் வீட்டுல கல்யாணம்? என்ன யூனுஸ்ண்ணே, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"டீ சூடு," என்றார் யூனுஸ். டீ இன்னும் வரவில்லை.

சந்தேகத்தைத் திருப்ப வேண்டுமே! தன்னைத் தானே திட்டுகிறவன் உலகத்தில் உண்டா? 'ஜவுளிக்கடை யூனுஸ் மகா கஞ்சன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகவும்' என்று எழுதிவிட்டு, நிம்மதியாக லுஹர் தொழப் போனார்.

திரும்பி வந்ததும் துபாயிலிருந்து சம்மந்தியின் போன்.

"என்ன சம்மந்தி, நெட்ல இப்படிப் போட்டிருக்கான்? சொந்த பந்தத்தையெல்லாம் கூட்டிட்டு வர்றேன். முடியலைன்னா கூச்சப்படாம சொல்லுங்க, நாங்களே சமைச்சுக் கொண்டாந்துடறோம்."

பெண் வீட்டாருக்கு இதைவிட ஓர் அவமானம் உண்டா? கமருன்னிஸா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ரிஃப்கா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"கஞ்சன் மகள்னு பேரெடுத்துட்டு நான் அந்த வீட்டுக்குப் போகணுமா அத்தா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

யூனுஸ் செருப்பைக்கூடத் தேடவில்லை. முகமூடியாவது மண்ணாங்கட்டியாவது! கடைக்கு ஓடினார். எழுதினார்: 'நாலாவது ஆள் நான்தான். என்னைக் கஞ்சன் என்று எழுதியதும் நான்தான். இப்படிக்கு, ஜவுளிக்கடை யூனுஸ்.'

அடி விழுமென்று காத்திருந்தார். வந்தது ஜாஃபர் சாதிக்தான்.

"இப்பச் சொன்னீங்க பாருங்க, அது ஆம்பளைக்கு அழகு. பிரியாணி தேக்சாவைக் கழுவச் சொல்லிட்டேன். புளியப் பத்தி மட்டும் இனி மூச்சு விடக்கூடாது."

சம்மந்தி போனில் விழுந்து விழுந்து சிரித்தார். ரிஃப்கா தாழைத் திறந்தாள். கமருன்னிஸா, தான் விட்ட சாபத்தை அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் பொத்திக் காத்த ரகசியம் உடைந்தும் பண்டாரி துளியும் ஆச்சரியப்படாததில் யூனுஸுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. கடைசிப் பந்தியில் யூனுஸ் உட்கார்ந்ததும் கூட்டம் முண்டியடித்தது. "என் பக்கத்துல!" "இல்ல, அண்ணன் என்கூடத்தான்!" அந்தத் தள்ளுமுள்ளில் பக்கிரியின் துண்டு எங்கேயோ போய்விட்டது. உண்மையைச் சொன்னவனுக்கு ஊர் தருகிற மரியாதையைப் பார்த்து யூனுஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கிரி மட்டும் உட்கார இடமில்லாமல், உர்ரென்று பந்தல்காலில் சாய்ந்து நின்றார்.

"என்னப்பா பக்கிரி, எல்லாரும் சந்தோசமா இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன கோபம்?"

"ஒரே சஹன்ல தின்ன எங்களுக்கு எழுதுறது யாருன்னு தெரியாதா பாய்? முத மாசமே பண்டாரி காதுல போட்டுவச்சு, உங்க சஹனுக்கு மட்டும் நல்ல கறியா வரவச்சுத் தின்னுக்கிட்டிருந்தோம், இப்படி ஊரெல்லாம் சொல்லிக் கெடுத்துட்டீங்களே!"